சபரி சொன்ன தாலி

புனே மழைக்கு இங்கிதமே தெரியாது. கோதையையும் முன்பின் தெரியாத ஒருவனையும் அந்தச் சின்னப் பறவைத் தீனிக் கடைக்குள் தள்ளிவிட்டு, வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

"தினைக்கு இந்தியில என்னமோ சொல்வாங்களே..." கோதை முணுமுணுத்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த நாளாக, பேச ஆளில்லாமல் தனக்குத்தானே பேசும் பழக்கம் வந்திருந்தது.

"நான் கேக்கட்டா?"

திரும்பினாள். நனைந்த முடி... சிரிக்கும் கண்கள்... சபரி என்றான், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். பக்கத்துத் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர்.

"எங்க வீட்ல தோத்தா இருக்கு... கிளி. உங்க வீட்லயும்?"

"இல்லீங்க, ஆராய்ச்சிக்கூடத்துல ஃபின்ச் குருவிங்க. ஆண் மட்டுந்தான் பாடும். பொட்டைக் குருவிக்கு, குஞ்சா இருக்கறப்பவே ஹார்மோன் குடுத்தா மூளையில பாட்டுக்கான இடம் வளர்ந்து, அதுவும் பாடுமுங்க."

"குடுக்கலன்னா?"

"ஆண் பாடட்டும்னு உக்காந்திருக்கும்."

அவன் அவளையே பார்த்தான். தினைப் பையின் வாயைக் கட்ட அவளுக்கு மறந்துபோனது.

"மழை நிக்காது. வாங்க... உங்களுக்கு ஒரு தாலி வாங்கித் தரேன்."

கோதைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கை, எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையைக் காட்டியது. இந்தியில் தட்டுச் சாப்பாட்டுக்குத் தாலி என்றுதான் பெயர். புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

சபரிக்கும் புரிந்தது. காதுவரை சிவந்தான். "என் தமிழ் அவ்ளோதான்" என்று மழையிலேயே இறங்கிப் போனான்.

அதன்பின் சனிக்கிழமைகளில் அதே கடையில் பார்த்தால், "நமஸ்தே" மட்டும்தான். தேவையே இல்லாமல் அவள் தினை வாங்கினாள். அவனாகப் பேசட்டும் என்ற வீம்பு.

ஆராய்ச்சிக்கூடத்தில் கூண்டின் ஓரம் ஒரு பொட்டைக் குருவி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூளையில் இடமில்லாத குருவி, பாவம், என்ன செய்யும்... எனக்கு என்ன கேடு?

அந்தச் சனிக்கிழமையும் மழை.

"நமஸ்தே" என்றான் சபரி.

"தமிழ்லயே பேசுங்க." கோதை அவன் எதிரே வந்து நின்றாள். "அன்னைக்குச் சிரிச்சது தப்புங்க. இந்த ஊர்ல எங்கூடத் தமிழ் பேசுன ஒரே ஆள் நீங்கதான். நீங்க பேசாம எனக்கு... முடியலீங்க."

"தப்புத் தப்பா பேசுவேன்."

"பேசுங்க. அன்னைக்கு ஒண்ணு வாங்கித் தரேன்னீங்களே..."

"தட்டு சாப்பாடா?"

கோதை நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது இல்லீங்க... என் காதுல விழுந்தது."