வேறு யாரோ எழுதிய விலாசம்

"எவன் உயிரோட இருக்கான்னு இப்படி வாசல் நிறையக் கோலம் போடுறே?"

மாமியார் மீனாம்பாளின் குரல் கேட்டதும் அமிர்தம் கோலப்பொடியைக் கீழே வைத்தாள். மார்கழி பிறந்து ஐந்தாம் நாள். ஸ்ரீரங்கத்தில் அந்தச் சந்து முழுக்கப் பூசணிப்பூக் கோலங்கள். இந்த வீட்டில் மட்டும் பயம். சீனாக்காரனோடு சண்டை நின்று ஒரு மாதமாகியும் அவள் புருஷன் மாத்ருபூதத்திடமிருந்து ஒரு வரி இல்லை.

பதினெட்டு வயதில் ராணுவ மருத்துவப் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவன் அவன். கட்டுப் போட்டு, ஊசி போட்டு, காயம்பட்டவர்களின் ரத்தமும் மலமும் அள்ளி, பதினெட்டு வருஷத்தில் ஹவில்தார் மேஜராகி, ஒரு வார்டையே தன் பொறுப்பில் நடத்தியவன்.

"சித்திரையில பென்ஷனோட வரேன்னானே... இன்னும் மேல ஏறட்டும், சுபேதார் பொண்டாட்டி ஆகணும்னு நீதானேடி தடுத்தே! என் புள்ளையை முழுங்கிட்டியே, பாவி!"

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை..."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. எட்டு மாதமாகப் பேசியதில்லை. புருஷனுக்குச் செய்து கொடுத்த சத்தியம் அப்படி. நியாயம் கேட்கத்தான் அந்த வீட்டில் யார் இருந்தார்கள்!

சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் வீரமலை ஒரு ராணுவ உறையை நீட்டினார். ஆசையோடு வாங்கியவள் அதைப் பிரிக்கவில்லை. விலாசம் அவன் கையெழுத்தில் இல்லை! கை போனவர்களுக்காகவும், உயிர் போனவர்களின் வீட்டுக்கும் அந்த வார்டில் கடிதம் எழுதுகிறவன் அவன்தான். அவனுக்காக இப்போது வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றால்...

"யாரு எழுத்துடி அது? அவன் எழுத்து இல்லையா? நில்லு அங்கேயே! சாவுச் சேதியை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. தெருவோட படிச்சுக் கிழிச்சுப் போடணும். நீ படிக்காதே, உன்னை நான் நம்ப மாட்டேன். வீரமலை, நீ படிப்பா!"

உறையைப் பிரித்து வீரமலை தயங்கித் தயங்கிப் படித்தார்.

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் மாத்ருபூதம். நான் சொல்லச் சொல்ல, வார்டுல நான் பார்த்துக்கிட்ட துறையூர்க்காரர் ஒருத்தர் இதை எழுதுறார். காயம்பட்டவங்களைத் தூக்கிக்கிட்டுப் பனியில ஆறு நாள் மலை இறங்கினோம். கையுறையைக் கழட்டாம கட்டுப் போட முடியலை. பனியில விறைச்சுப் பத்து விரலும் போயிடுச்சும்மா. சித்திரையிலேயே வந்துடுங்கன்னு அமிர்தம் என் காலைப் பிடிச்சு அழுதா. வார்டை விட்டு வர மனசில்லாம நான்தான் சர்வீஸை நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டேன். உன் கோபத்துக்குப் பயந்து, பழியை அவளை ஏத்துக்கச் சொன்னேன். சத்தியமும் வாங்கினேன். இப்போ இந்தக் கையோட வீட்டுக்கு வரப் பயமா இருக்கு..."

அமிர்தம் தெருவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மீனாம்பாள் மெல்ல வந்து மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எட்டு மாசமா உன்னைக் கொன்னேனேடி... ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?"

"உயிரோட இருக்காரே அத்தை... அது போதும்!"

மீனாம்பாள் முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள்.

"எழுந்திரு. பதில் எழுது. பயப்படாம வரச் சொல்லு. ஊட்டி விட வீட்டுல நாலு கை இருக்குன்னு எழுது!"