உதவி மூன்று வருடம், புகார் நிரந்தரம்

செவ்வாய்க் கிரகத்திலும் மார்ச் முப்பத்தொன்று உண்டு. ஆபீஸ் இருக்கிற இடமெல்லாம் அது உண்டு. அன்றைக்கு நீர் வாரிய ஊழியர்கள் வரிசையில் நின்று, மறக்க வேண்டியதை மறந்துவிட்டு, டீ குடிக்கப் போவார்கள். வாரியத்தில் சேருகிற எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு நினைவுச் சில்லு பொருத்துவார்கள். பொருத்தியதுமே, பிறந்தது முதல் உள்ள நினைவு அத்தனையும் வாரியத்தின் பதிவேடு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, வகை உண்டு, கெடு உண்டு. கெடு முடிந்ததை வருடக் கடைசியில் அழித்துவிடுவார்கள். காது குத்துகிற வலிகூட இருக்காது.

செண்பகவல்லிக்குக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. வேலை இல்லாதவருக்கு அந்த ஊரில் மூச்சுக்காற்று கிடையாது என்பதால் சில்லு வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. பதிவேடு மேலாண்மை அறிமுகப் பயிற்சி மூன்று நாள். மற்றவர்கள் போண்டா எப்போது வருமென்று கதவைப் பார்த்திருக்க, அவள் மட்டும் ஒரு வரி விடாமல் குறிப்பு எடுத்தாள். மூன்று வருடம் முன்பு, இதே மார்ச்சில், குழாய்ச் சுரங்கம் சரிந்தது. அவள் புருஷன் மாடசாமி தன் காற்றுமுகமூடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு, சுரங்கத்தில் மிச்சமிருந்த காற்றில் அரை மணி நேரம் அவளைக் கேலி பேசிக்கொண்டே செத்துப்போனான். அந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து.

பயிற்சி கொடுத்தது ஓர் இயந்திரம். எல்லோரும் அதை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள்.

"கெடு அட்டவணையைப் பாருங்கள்," என்றது வாத்தியார். "பிறர் செய்த உதவி, காட்டிய பாசம் மூன்று வருடம். புகார், மனத்தாங்கல், அவமானம் நிரந்தரம்."

செண்பகவல்லி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்; அந்த அரை மணி நேரத்துக்கு இந்த மார்ச்சோடு கெடு முடிகிறது. "என்னங்க அநியாயம் இது! எந்தப் புண்ணியவான் போட்ட அட்டவணை?"

"நாங்கள் போடவில்லை, அம்மா. பூமியில் மனிதர்கள் எதை எத்தனை நாள் நினைவில் வைத்திருந்தார்கள் என்று பார்த்து அப்படியே எழுதிக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவரை அடுத்த பொங்கலுக்குள் மறந்தார்கள். பந்தியில் அப்பளம் வைக்காததைப் பேரன் வரைக்கும் சொல்லிவைத்தார்கள். மூன்று வருடம் என்பதே தாராளம்."

"எங்க மாமா வீட்டு அப்பளம் எனக்கே ஞாபகம் இருக்கு," என்று சிரித்தார் பக்கத்து நாற்காலி இருதயராஜ். "நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது!"

கடைசி நாள் செய்முறைப் பயிற்சி. அவரவர் நினைவை அவரவரே வகைப்படுத்த வேண்டும். செண்பகவல்லி அந்த அரை மணி நேரத்தை எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, புகார் என்று பதிந்தாள். 'மாடசாமி என்பவர் என் சம்மதம் இல்லாமல், நான் கதறியும் கேட்காமல், எனக்குப் பலவந்தமாக முகமூடி மாட்டினார். என்னைத் தனியே விட்டுப் போனார்.' ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. வாத்தியார் முத்திரை குத்தியது. நிரந்தரம்.

"பாத்தியா, எப்படிக் காப்பாத்திட்டேன் உன்னை!" என்று அவன் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள், சிரித்தாள். சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஆனால் புகாருக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. வருடா வருடம் எடுத்துப் படிக்க வேண்டும். வலு குறையாமலிருக்க, அதே ஆள்மீது வேறு குறை ஏதாவது இணைக்க வேண்டும். முதல் வருடம் விளையாட்டாகக் குறட்டையைச் சேர்த்தாள். அடுத்த வருடம், தங்கச்சி வளைகாப்புக்கு அவன் வராதது. அதற்கடுத்த வருடம், அவன் அம்மா சொன்ன ஒரு சொல்லும், அதைக் கேட்டுக்கொண்டு இவன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்ததும். அந்த முறை அவள் விளையாடவில்லை. பன்னிரண்டாம் வருடம் இணைப்புகள் நாற்பத்திரண்டு. சுவரிலிருந்து படம் இறங்கி வெகுநாளாகியிருந்தது.

அந்த மார்ச்சில் வாத்தியார் அவளைத் தனியே அழைத்தது. "நல்ல செய்தி, அம்மா. அட்டவணையைத் திருத்திவிட்டார்கள். உதவியும் இனி நிரந்தரம். புகாரை வாபஸ் வாங்குங்கள். இணைப்பெல்லாம் போய்விடும். அந்த அரை மணி நேரம் மட்டும் பழையபடி உங்களுக்கு."

"வாபஸா?" செண்பகவல்லி இடுப்பில் கை வைத்தாள். "நான் கத்தக் கத்த, என்னை ஒரு வார்த்தை கேக்காம செத்தவன் அவன். நானாவது வாபஸ் வாங்கறதாவது! நாற்பத்து மூணாவது இணைப்பு எழுதிக்கோங்க. சாகிற நேரத்துலகூட என்னைக் கேலி பண்ணினான்."