சின்னவள் வீட்டுக் கேமரா

திரையின் மூலையில், சின்னக் கண் படத்துக்குப் பக்கத்தில், 2 என்று இருந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் எண் அது. வழக்கமாக 1தான் இருக்கும். அந்த ஒருத்தி அவள்தான்.

மதியம் இரண்டேகால். பல் டாக்டர் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு வர நாலரை ஆகும். அதுவரை கிளினிக்கின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அதன் அடியில் நுழைந்த வெயில் தரையில் ஒரு முழம் ஊர்ந்து, மேலே வர மனமில்லாதது போல் நின்றுவிடும். கிராம்பு எண்ணெயும் மருந்து நெடியும் பெஞ்சு மெத்தையில் ஊறிக் கிடக்கும். உள்ளறையில் ஏதோ ஒரு மெஷின் தானாகப் பெருமூச்சு விட்டு அடங்கும். முன்மேஜையில் டோக்கன் எழுதும் அவள் அந்த நேரத்தையெல்லாம் தன் ஓரகத்தியின் வீட்டில் கழித்தாள், ஃபோன் வழியாக.

ஓரகத்தியைக் குடும்பத்தில் சின்னவள் என்பார்கள்; இவள் மூத்தவள். சின்னவள் பள்ளி ஆசிரியை. கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை என்பதால் வருடத்தில் எட்டு மாதம் தனியாள். புது வீட்டுக் கூடத்தில் கேமரா மாட்டிய அன்று, "நாங்க ஊருக்குப் போற நாலு நாளும் ஒரு கண்ணு வச்சுக்கங்கக்கா" என்று பாஸ்வேர்டைச் சொல்லித் தந்ததே அவள்தான். திரும்பி வந்ததும், "ஃபோன்லேருந்து எடுத்துட்டீங்களாக்கா?" என்றாள்.

"அன்னிக்கே எடுத்துட்டேன்."

அது ஆகி ஏழு மாதம்.

பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஒரு சோபா, பளிச்சென்று துடைத்த தரை, பால்கனிப் பக்கம் தரை வரை தொங்கும் சாம்பல் நிறத் திரைச்சீலை, மதியம் முழுக்கச் சும்மா விழுந்து கிடக்கும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தைத்தான் மூத்தவளால் பொறுக்க முடியவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு அத்தனை வெளிச்சம்? என்றைக்காவது கழுவாத காபிக் கோப்பை ஒன்று மேஜையில் கிடந்தால், அன்று சாயங்காலம் வரை அவளுக்கு மனசு லேசாக இருக்கும்.

இரண்டாவது ஆள் சின்னவளாகத்தான் இருக்கும், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். சாயங்காலம் ஃபோனில் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஸ்கூல்ல நடுவுல ஃபோன் பாப்பியா?"

"எங்கக்கா. கிளாஸ் முடியற வரைக்கும் பீரோல வச்சுப் பூட்டிடுவாங்க."

"கப்பல்லேருந்து தம்பி?"

"அங்க ஒரு மெசேஜ் போறதே பெரும்பாடு. ஏன்க்கா?"

"சும்மாதான்."

உன் வீட்டை யாரோ பார்க்கிறார்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளும் 2. மூன்றாம் நாள் கேமரா கழுத்தைத் திருப்பியது. அவள் விரல் திரையில் படவே இல்லை. கொசு பறப்பது போன்ற மோட்டார் சத்தத்தோடு காட்சி மெல்ல நகர்ந்தது. வாசல் கதவில் கொஞ்சம் நின்றது. பால்கனிக் கதவில், பாதி மட்டும் விழுந்திருந்த தாழ்ப்பாளில், வெகுநேரம் நின்றது. பிறகு திறந்திருந்த படுக்கையறையைக் காட்டியது. புதுக் கட்டில், சுவரை அடைத்து ஓர் அலமாரி. பார்க்க ஆசைப்பட்டு, அகப்பட்டுக்கொள்வோமோ என்று அவள் இத்தனை நாள் திருப்பாமல் விட்ட பக்கம் அது. பயத்துக்கு நடுவே, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவது போல ஒரு சுகமும் இருந்தது. அதை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏழாம் நாள் அது பேசியது. பொத்தானை அழுத்திப் பேசினால் கேமராவின் ஒலிபெருக்கி வழியாக வீட்டுக்குள் கேட்கும். யாருமில்லாத கூடத்தில் ஓர் ஆண் குரல், தூங்குபவர்களை எழுப்பக் கூடாது என்பது போலத் தணிந்து வந்தது.

"அக்கா. தவறாம வந்துடுறீங்க."

அவள் ஃபோனின் சத்தத்தைக் குறைத்தாள்.

"டீச்சரம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?"

ஃபோனைக் கவிழ்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. மறந்துவிடாமல் இருக்க அவளே எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய சீட்டு. 'சின்னவள் வீட்டுக் கேமரா'. கீழே பாஸ்வேர்ட். எழுந்து மேஜைக்கு எதிர்ப்பக்கம், டோக்கன் வாங்க வருபவர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். தலைகீழாக இருந்தாலும் ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்து, எத்தனை பேர் இங்கே குனிந்து நின்றிருப்பார்கள். சின்னவளின் டீச்சர் வேலையையும் அவள் வீட்டுத் தெருவையும்கூட இதே மேஜையிலிருந்து எத்தனை முறை ஃபோனில் சத்தமாகச் சொல்லியிருக்கிறாள்.

சீட்டைக் கிழித்தாள். என்ன ஆனாலும் ஆகட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குப் போனாள்.

அங்கே மாமியார் கட்டிலில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சின்னவ வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். நல்லா வெளிச்சமா இருக்கு. பன்னெண்டு வருஷம் இந்த இருட்டுலயே கிடந்தாச்சு."

"அவ கூப்பிட்டாளா அத்தை?"

"கூப்பிடாம இருப்பாளா? தங்கமாச்சே அவ."

பன்னிரண்டு வருடம் அந்த இருட்டில் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்த கையால் மூத்தவள் சோறு பரிமாறினாள். அன்று சின்னவளுக்கு அவள் ஃபோன் செய்யவில்லை.

மறுநாள் இரண்டரைக்குக் குரல் வந்தது.

"அக்கா, நேத்து கேட்டதுக்குச் சொல்லலையே."

அவள் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது.

"நாலேகால்."

தன் குரல் சின்னவளின் கூடத்தில் ஒலிப்பதைத் தானே கேட்டாள். பாசமான குரலாகத்தான் இருந்தது.

மூன்று ஐம்பதுக்குப் பால்கனிக் கதவு திறந்தது. ஒருவன் உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். மூத்தவள் ஃபோனை முகத்தருகே கொண்டுபோனாள். திருடிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தாள். ஒரே ஒரு தடவை அவள் வீட்டிலும் ஏதாவது குறையட்டும்.

அவன் எதையும் எடுக்கவில்லை. அலமாரிப் பக்கமே போகவில்லை. சோபாவில் கலைந்திருந்த மெத்தையைத் தட்டிச் சரிசெய்தான். பிறகு கேமராவுக்கு அருகில் வந்து நிமிர்ந்து பார்த்தான். சாதாரண முகம். பெஞ்சில் வரிசையாக உட்காரும் முகங்களில் எதுவாகவும் இருக்கலாம். திரும்பி நடந்தான். திரைச்சீலைக்குப் பின்னால் போனான். திரைச்சீலை ஆடியது.

நின்றது.

அவன் திருட வரவில்லை.

சின்னவளை அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். போலீஸ் எண்ணை அழுத்தப் போனாள். எப்படித் தெரியும் என்பார்கள். நேரத்தை யார் சொன்னது என்பார்கள். விரல் நின்றது. கேமராவுக்கே திரும்பினாள்.

நாலு பதிமூன்று. பூட்டில் சாவி.

சின்னவள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பையை வைத்துவிட்டு நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்தாள். களைத்த முகம்.

"அக்கா, கூப்பிட்டிருந்தீங்க போல. வண்டில இருந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க பாக்குறது எனக்குத் தெரியும்க்கா. கழுவாத கோப்பையைப் பத்தி ஒரு நாள் வாய் தவறிக் கேட்டீங்களே. எடுத்துடுங்கன்னு திரும்பச் சொல்ல மனசு வரல. தனியாத் திறந்துட்டு வர்ற வீடு. நீங்க பாத்துட்டிருக்கீங்கன்னா ஒரு தைரியம். அத்தை வர்றேன்னாங்க, நான்தான் வேணாம்னேன். உங்களை விட்டுட்டு அவங்களால இருக்க முடியாது."

திரைச்சீலையின் ஓரத்தில் நாலு விரல்கள்.

"இருக்கீங்களாக்கா?"

மூத்தவள் பொத்தானை அழுத்தினாள். வாய் திறந்தது. ஒரு சொல் வரவில்லை. மூச்சு மட்டும் இரைந்தது. அந்த இரைச்சல் சின்னவளின் கூடத்தில் ஒலித்தது.

அதைக் கேட்டுச் சின்னவள் சிரித்தாள்.

"இருக்கீங்க," என்றாள் நிம்மதியாக, கேமராவை நிமிர்ந்து பார்த்தபடி.

அவளுக்குப் பின்னால் திரைச்சீலை சத்தமில்லாமல் விலகிக்கொண்டிருந்தது.