சொல்லாமல் வரவேண்டிய வீடு

கரண்டு போனதும் சுவரோரம் ஓர் ஆள் நின்றது.

சிங்காநல்லூர் லைன் வீட்டின் ஒற்றை அறையில், தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்த பூவாத்தாளுக்கு எழுந்து பார்க்கக்கூடத் தெம்பில்லை. மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தால் பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமியின் சாவு. பகலெல்லாம் அங்கே நின்றுவிட்டு இப்போதுதான் குளித்திருந்தாள். வெளியே சிறுவாணித் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழவு வீட்டு ஊதுபத்தி வாசம் ஈரத்தலையிலிருந்து இன்னும் போகவில்லை. ஆளாவது ஒன்றாவது! மேலே பலகையில் கவிழ்த்த குண்டா, நடுவே ஆணியில் மில் கோட்டு, கீழே சுருட்டி நிறுத்திய பாய். அரைகுறையாக எதைக் கண்டாலும் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது, பாழாய்ப்போன மனசு.

ஆனால் அதன் காலடியில் மகள் லோகப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள். அதுதான் உறுத்தியது.

எங்கிருந்து கிளம்பினாலும் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘வாரேனுங்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அந்த ஐந்து வயசுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் இவள்தான். சாவு வீட்டில் மட்டும் வாயைத் திறக்காமல் வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லித்தர மறந்துபோனாள். கிளம்பும்போது குழந்தை, தன்னைத் தினமும் பார்த்துக்கொண்ட வெங்கடலட்சுமியின் முகத்தருகே குனிந்து, “வாரேனுங்க பெரீம்மா” என்றது. கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பூவாத்தாள் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த ஓர் உயிர்தான்.

எழுந்துபோய்க் கோட்டை எடுத்தாள். ஆள் நின்றது. குண்டாவை எடுத்தாள். தலை இருந்தது. பாயைத் தள்ளினாள். பாய் உருண்டுபோயிற்று. கால்கள் போகவில்லை.

வெறும் சுவர். ஆணி. ஆள்.

“கொழந்தைங்க அக்கா. தெரியாம சொல்லிப்போட்டா,” என்றாள் பூவாத்தாள். குரலே எழவில்லை. “வேணும்னா நான் வாரேனுங்க. அவளை உட்டுருங்க.”

வெளியே குழாய்ச் சொட்டு நின்றிருந்தது.

கரண்டு வந்தது. சுவரில் ஆணி மட்டும். அப்பாடா என்று திரும்பினாள்.

லோகப்பிரியா எழுந்து நின்றிருந்தாள். கண்கள் மூடியே இருந்தன. கடைவீதியில் பெரியவர் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளைபோல ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பற்றி மடங்கியிருந்தன. அப்படியே வாசலுக்கு நடந்தாள்.

பூவாத்தாள் ஓடிப்போய் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கமிருந்தும் இழுத்தது. பெரிய இழுப்பு.

“போறேனுங்கம்மா,” என்றாள் குழந்தை.

தூக்கிய கை இறங்கவில்லை.