கழற்றி வைத்த ஏர் பம்ப்

மழை விட்டும் தூவானம் விடாத சாயங்காலம். சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சிக்னலுக்குக் காத்திருந்த மேனுகாவின் முகத்தில் குப்பென்று புகை அடித்தது. இருமிக்கொண்டே திரும்பினால்... ஓரமாக நின்ற அந்த மஞ்சள் கார்! நம்பரைப் பார்த்ததும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. எட்டு மாதத்துக்கு முன்பு அப்பா விற்ற கார். அதற்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல்.

ஜன்னலைத் தட்டினாள்.

"இஞ்சின ஆஃப் பண்ணுங்க லா! ரோட்டுல நிக்கிறவங்க செத்துடுவாங்க!"

உள்ளே இருந்தவன் பதறி இறங்கினான். நனைந்த முடி, கன்னத்தில் குழி, திருதிருவென்று விழிக்கும் பெரிய கண்கள்... சே, திட்ட வந்த இடத்தில் இது வேறா!

"சாரி... பழைய வண்டி. ஸ்ரீநாத்."

"வண்டி பேரா, உங்க பேரா?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "பானெட்டைத் திறங்க" என்றாள்.

திறந்தான். புகையில் எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோலை எரிக்கக் காற்று ஊதும் ஏர் பம்ப் இருக்கவேண்டிய இடம்... காலி! துளைகளைத் தகடு வைத்து அடைத்திருந்தது.

"ஏர் பம்ப் எங்க?"

ஸ்ரீநாத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதைக் கழற்றினால் வண்டி பறக்கும் என்று இணையத்தில் எவனோ சொன்னதை நம்பி, போன மாதம் அவனேதான் கழற்றினான். வண்டி பறக்கவில்லை. புகைதான் வந்தது. ஐயோ, இந்தக் கண்களுக்கு முன்னால் அதையெல்லாம் சொல்வதா...?

"நான் கழட்டல. முன்னாடி வச்சிருந்த காத்தோங் ஏரியா அங்கிள் ஒருத்தர்... அவர் வேலை."

மேனுகாவின் முகம் சுண்டிப்போனது.

"அந்த அங்கிள் பேரு தில்லையம்பலம். எங்க அப்பா. இந்த இஞ்சின்ல ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் தேவையில்லாம தொட்டதில்ல. பக்கத்துல டார்ச் புடிச்சதே நான்தான்!"

குடையை விரித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

செங்காங்கில் தன் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த பம்ப்பைத் தேடி எடுத்தான் ஸ்ரீநாத். நண்பன் கதிரேசனின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் முழங்கை வரை கிரீஸ். புகை நின்றது. ஆனால் நிம்மதி இல்லை. தப்பு இஞ்சினுக்கா செய்தோம்... ஒரு நல்ல மனிதர் பெயருக்கல்லவா செய்தோம்! இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காரோடு காத்தோங் வீட்டு வாசலில் போய் நின்றான். தில்லையம்பலம் வெளியே வந்தார். பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு அவள்.

"அங்கிள், பம்ப்பைக் கழட்டினது நான். பழியை உங்க மேல போட்டேன். மன்னிச்சிடுங்க."

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இஞ்சினையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தம்பி, எண்பத்தெட்டில நானும் கழட்டினனான்! உம்மைப் போலத்தான், கார் பறக்குமெண்டு. இவளின்ர அம்மா ஒரு கிழமை முழுக்க என்னோட கதைக்கேல்லை. பிறகுதான் திரும்பப் பூட்டினனான்."

"அப்பா!"

"நீ அப்ப பிறக்கேல்லை மேனுகா" என்றவர், தேத்தண்ணி போடுவதாகச் சாக்குச் சொல்லி உள்ளே நழுவினார். விவரமான மனிதர்.

நடுரோட்டில் வீறாப்புப் பேசியதெல்லாம் நினைவுக்கு வர, மேனுகாவின் முகம் சிவந்தது.

"அப்போ... நான் சொன்னது முழுப் பொய் இல்லதானே?" ஸ்ரீநாத் மெல்லக் கேட்டான்.

"அடி வாங்குவீங்க!"

"மேனுகா... பார்த்த அஞ்சு நிமிஷத்துலயே உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு ஆசை வந்துடுச்சு. அதான் பொய் சொன்னேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் இஞ்சினைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்... கடைசியில் அவனைப் பார்த்தாள்.

"நீங்க பொய் சொல்ற ஆளா இருந்துடக் கூடாதுன்னு, சிலோன் ரோடு கோயில் பிள்ளையார்கிட்ட ஒரு வாரமா வேண்டிக்கிட்டு இருக்கேன் லா..."