கடிதத்தின் பின்பக்கம்

ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. சண்முகவடிவு அதைக் கல்லிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

முன் அறையில் மகன் கிஷாந்த் பேனாவோடு உட்கார்ந்திருந்தான். ஏழரை பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போய், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். எல்லாம் நிரப்பியாயிற்று. பெயர் எழுதும் கட்டம் மட்டும் காலி.

ஒன்லைன் பரிசு வியாபாரம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் போனில் ஆர்டர் கொடுப்பார்கள். கேக்கோ சேலையோ, பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி, தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் அம்மாவின் கையில் சேர்க்க வேண்டும். லயத்து வரிசையில் இருக்கும் காம்பிரா வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீஸில் கிடக்கும். பார்சல்காரர்கள் டவுனோடு திரும்பிவிடுவார்கள். அந்தக் குறையில் ஒரு வியாபாரம் இருப்பதைக் கண்டுபிடித்தவள் கிஷாந்தின் மனைவி தனுஷிகா. அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம்.

"'ஹில் குயின் கிஃப்ட்ஸ்'னு வைண்ணே. கொழும்பு ஆளுங்க வாயில நிக்கும்" என்றாள் தங்கை பூரணி, தலை பின்னியபடி.

"கொழும்பு ஆளுங்க இல்ல. கொழும்புல இருக்கிற நம்ம ஆளுங்க."

"அதேதான். லயம் கியம்னு பேர்ல வந்துறக் கூடாது. அத மறக்கத்தானே அவங்க அங்க போனாங்க!" சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணி ஒரு தாள்ல பேரா எழுதி எழுதி வெட்டுனாங்களே... கடைசியா ஒண்ணுக்கு வட்டம் போட்டாங்கன்னு சொன்னியே. அந்தத் தாளு கெடச்சுதா?"

"இல்ல" என்றான் கிஷாந்த். மிக வேகமாகச் சொன்னான். "வட்டம் போட்டுட்டுக் கையால மறைச்சிக்கிட்டா. பதியிற அன்னிக்குச் சொல்றேன்னா."

பிறகு அவன் பேனாவைக் கட்டத்தில் வைத்தான். "அவ பேரையே வைக்கப் போறேன். தனுஷிகா."

"அந்தப் பேரு வேணாம்."

அடுப்படி வாசலில் சண்முகவடிவு நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கு, தோளில் கொழுந்துக் கூடைக் கயிறு. வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும் நேரம். இருபத்தெட்டு வருடத்தில் காலைப் பெரட்டில் அவள் பெயர் கூப்பிட்டு, அவள் இல்லை என்றான நாள் ஐந்தோ ஆறோதான்.

"ஏன் வேணாம்?"

"வேற எது வேணும்னாலும் வையி தம்பி... அது மட்டும் வேணாம்."

"அதான் ஏன்னு கேக்குறேன்!"

பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டப்போகிறவள் சண்முகவடிவுதான். ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பெயர் இருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் அதைப் பார்க்க வேண்டும். இதை எப்படிச் சொல்வாள்?

"சொல்ல மாட்டீங்க" என்றான் கிஷாந்த். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவ மேட்டுல மூச்சு வாங்க ஏறி வந்தப்ப, 'இந்த வயசுல இப்பிடியா, நாங்கல்லாம் கூடையோட ஏறலியா'ன்னு கேட்டவங்கதானே நீங்க? இருந்தப்பதான் ஒரு நல்ல வார்த்த இல்ல. செத்தப்புறம் பேருகூட ஆகலியா?"

"அண்ணே!" என்றாள் பூரணி.

சண்முகவடிவு கூடைக் கயிற்றைத் தோளிலிருந்து எடுத்தாள். உள்ளே போனாள். தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து வந்து மகன் முன்னால் வைத்தாள்.

"வாசி. வாசிச்சிட்டு என்னய வெட்டிப் போடு."

ஆஸ்பத்திரி முத்திரை. கடிதம் சிங்களத்தில். உறையின் ஒட்டு பிரிந்திருந்தது.

"ஐப்பசில, கொழுந்து நிறுவைக்குப் போன எடத்துல ஆபீஸ்காரர் குடுத்தாரு. நல்ல மழ. படங்குக்குள்ள சொருகிக்கிட்டு வந்தேன். நனைஞ்சிருக்கே, காயட்டும்னு முருகன் படத்துக்குப் பின்னால வச்சேன்... வச்சத மறந்தே போனேண்டா! கருமாதிக்கு வீடு தொடைக்கையில இது கைக்கு வந்துச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா திகதி தெரியுமில்ல? நெஞ்சுப் படம் எடுக்கத் திகதி அனுப்புறோம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களே, அந்தத் திகதி! அவ கைக்குப் போயிருந்தா அவ போயிருப்பா. இன்னிக்கு இங்க ஒக்காந்து அவளே பேரு எழுதியிருப்பா... நாந்தாண்டா. நாந்தான் அவளக் கொன்னேன்!"

அந்தக் கருமாதிக்குப் பிறகு அவள் முருகன் படம் இருக்கும் விளக்குத் தட்டுக்குப் பக்கத்தில் போனதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கைப் பூரணிதான் ஏற்றினாள். முட்டிவலி என்று அம்மா சொன்னதை வீடே நம்பியது.

கிஷாந்த் கடிதத்தை வாசிக்கவில்லை. பிரித்தவுடன் திருப்பினான். பின்பக்கத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்தவனைப் போலத் திருப்பினான்.

பின்பக்கம் நிறைய நீலப் பேனா. தனுஷிகாவின் குண்டு எழுத்து. ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெயர்கள், குறுக்குக் கோடுகள்.

அவன் தாளைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா... இது அவ கைக்குப் போயிருச்சும்மா."

"என்னாடா சொல்ற?"

"நீங்க வச்ச வாரத்து வெள்ளிக்கிழமையே சாமி படம் தொடைக்கையில எடுத்துட்டா. ஒட்டப் பிரிச்சது அவதான். என்கிட்ட கொண்டாந்து காட்டுனா. திகதி தீபாவளிக்கு மொத நாளு. பழகிப் பாக்கன்னு பதினோரு பெட்டிக்கு ஆர்டர் வாங்கியிருந்தோம். நாந்தான்... 'இந்த ஒரு நாளு சமாளி, அடுத்த மாசம் திகதி மாத்திக்கலாம்'னு சொன்னேன். சரின்னா. மறு பேச்சே பேசல. அப்பிடியே தாளத் திருப்பிப் போட்டு, பேரு எழுத ஆரம்பிச்சா. எழுதிட்டுத் திரும்பவும் அங்கயே வச்சிருக்கா. எனக்குத் தெரியாது."

"மாத்துனியா? திகதிய மாத்துனியா?"

தனுஷிகா மார்கழியில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் படியில் மூச்சு முட்டி விழுந்து இறந்தாள். திகதி மாற்றப்படவேயில்லை.

"தாளத் தேடிக் கெடைக்கலன்னு சொன்னது பொய்யிம்மா. தேடல. கெடச்சிருமோன்னு பயந்துகிட்டு இருந்தேன்."

சண்முகவடிவு அவன் முன்னால் உட்கார்ந்தாள். கையை ஓங்கி அவன் தோளில் அடித்தாள். இன்னொன்று அடித்தாள். மூன்றாவதுக்கு ஓங்கிய கை அவன் தலையில் இறங்கி அங்கேயே நின்றது.

"எட்டு மாசம்டா... எட்டு மாசமா நான் சோத்த முழுங்குனேனா, மண்ண முழுங்குனேனான்னு எனக்கே தெரியாது! பாவி... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அவள் அவனை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். படங்குச் சாக்கில் அவன் முகம் புதைந்தது. சாவு வீட்டில் அழாதவன் அப்போது அழுதான். பூரணி அடுப்படிக்குப் போய்க் கருகிய ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்தாள். அவளுக்கு நிற்க வேறு இடம் இல்லை.

கொழுந்து மலைப் பக்கம் விசில் கேட்டது. பெரட்டு முடிந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்னய மன்னிச்சிருவீங்களாம்மா?"

"நான் யாருடா மன்னிக்க? அது அவ குடுக்க வேண்டியது." முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "அவ என்னா எழுதியிருக்கா, அத வாசி."

அவன் வாசித்தான். மலைப் பரிசு. அதற்கு நேரே, 'ஏற்கெனவே ரெண்டு இருக்கு'. கோடு. ஊர்ப்பெட்டி. கோடு. சண்முகவடிவு ஸ்டோர்ஸ்.

"எம் பேரையா? எதுக்கு அவளுக்கு..." என்றாள் சண்முகவடிவு.

"பக்கத்துல எழுதியிருக்கா. 'மாமி ஏசுவாங்க. பின்னால வேற எதுக்காவது வைக்கணும்.'"

சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

தனுஷிகா தன் பெயரை எங்கும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் ஒரு பெயர். அதைச் சுற்றி இரண்டு வட்டம்.

"கடைசிக் காம்பிரா."

அவர்கள் வீடு ஏழாம் லயத்தின் கடைசிக் காம்பிரா. யார் வழி கேட்டாலும் தனுஷிகா அப்படித்தான் சொல்வாள். பெட்டி அங்கே வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதுதான் அவள் வியாபாரம்.

"லயத்துப் பேரு..." என்று தொடங்கிய பூரணி நிறுத்திக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்குண்ணே. எங்க அம்மா இருக்குற எடம்னு வாங்குறவங்களுக்குத் தெரியும்."

கிஷாந்த் படிவத்தில் எழுதினான். முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போயிற்று. அவன் அதைத் திருத்தவில்லை.

"ஏழரை போயிருக்கும். அடுத்த பஸ்ஸு எட்டே முக்காலுக்கு" என்றாள் பூரணி. "ரொட்டி சுடவா?"

"சுடு. அண்ணனுக்கு ரெண்டு. எனக்கும் வையி."

சண்முகவடிவு சுவரைப் பிடித்து எழுந்தாள். படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். கடிதத்தை மகன் கையிலிருந்து வாங்கி, முருகன் படத்துக்குப் பின்னால், முதலில் வைத்திருந்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு தீப்பெட்டியைத் தேடினாள்.