மேல்கிளையில் முள்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மதியம் எம்ரிஸ் தன் மகள் நெஸ்ட்டாவின் பண்ணை வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது, காலையிலிருந்து கொட்டிய வெண்பனி ஓய்ந்திருந்தது. வேனில் ரம்பமும் வெட்டரிவாளும் கிடந்தன. மனசுக்குள் எரிச்சல் கிடந்தது.

எம்ரிஸின் பிழைப்பு உயிர்வேலி வெட்டுவது. முப்பத்தொரு வருஷமாக அந்த மலையடிவாரத்து வேலிகளையெல்லாம் கழித்து, சாய்த்து, நெய்து கொடுத்திருக்கிறார். வேலிக்குள் எந்தச் செடி வளர்ந்தாலும் வெட்டுவார். கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிக்க ஒடிக்கும் முள்ளிலை ஹாலி மரத்தை மட்டும் தலை தூக்கி நிற்க விட்டுவிடுவார். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். சூனியக்காரி வேலியின் உச்சியில் ஓடி வருவாள், ஹாலி குறுக்கே நின்றால் அவளால் தாண்ட முடியாது என்பார்கள். எம்ரிஸ் இதைச் சொல்லி மதுக்கடையில் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் இன்றுவரை ஒரு ஹாலியையும் வெட்டியதில்லை.

இன்று வெட்டச் சொல்லித்தான் மகள் கூப்பிட்டிருந்தாள்.

காட்டு விளிம்பிலிருந்து சரிவில் இறங்கி வரும் பெரிய வேலி, வீட்டுச் சுவரை முட்டித்தான் முடியும். மாடி ஜன்னல் உயரத்துக்கு அடர்ந்து கிடந்தது. அது முடியும் இடத்தில், ஜன்னலை மறைத்துக்கொண்டு அந்த ஹாலி நின்றது. நிறையப் பழம், ரத்தச் சிவப்பாக.

“மேல கொஞ்சம் கழிச்சு விடறேம்மா. போதும்ல?” என்றார் எம்ரிஸ்.

“போதாதுப்பா. குழந்தை ரூமுக்கு வர்ற வெளிச்சத்தையெல்லாம் இது முழுங்குது. சுவரெல்லாம் ஈரம். பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு, நெஞ்சுச் சளி விடவே மாட்டேங்குது. நர்ஸ் வந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிச்சுட்டுப் போறா.”

மருமகன் ஹைவெல் சும்மா இருந்திருக்கலாம். “மாமா தொட மாட்டாரு நெஸ்ட்டா. அந்தச் சூனியக்காரக் கிழவி வந்து காதைத் திருகிடுவா.”

எம்ரிஸுக்குச் சுருக்கென்றது. அதே நேரம் மாடியிலிருந்து பேத்தி எனிட்டின் இருமல் கேட்டது, கோழிக்குஞ்சு முனகுவது போல. அந்த இருமல்தான் அவரை வெட்ட வைத்தது. ரம்பத்தை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் மரம் சாய்ந்தது. அடிமரத்தின் வெட்டு வாய் எலும்பு நிறத்தில் இருந்தது. மாடி ஜன்னலில் வெயில் பாய்ந்தது. நெஸ்ட்டா ஜன்னலை விரியத் திறந்து, குழந்தையைத் தூக்கிக் காட்டி, “எப்படி இருக்கு பாருங்கப்பா!” என்று கூவினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கூவி எம்ரிஸ் கேட்டு வெகுநாள் ஆயிற்று. வெட்டியது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஹாலியின் கீழ் இலைகளில்தான் முள் இருக்கும். ஆடும் மானும் கடிக்கக் கடிக்க, கடிபட்ட இடத்தில் முள்ளோடு துளிர்க்கும். எதுவும் எட்டாத மேல்கிளையில் இலைகள் வழவழவென்று இருக்கும். குளிர்காலத்தில் அவற்றை வெட்டி ஆட்டுக்குப் போடுவது அங்கே வழக்கம். ஹைவெல் மேல்கிளைகளை இழுத்துப்போய்ப் பட்டிக்குள் வீசினான்.

ஆடுகள் கிட்டே வரவில்லை.

எல்லாம் எதிர்ச்சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

“பழைய தீவனத்தைத் தின்னே கொழுத்துப் போச்சுங்க,” என்று ஹைவெல் திட்டிக்கொண்டே வைக்கோல் எடுக்கப் போனான்.

எம்ரிஸ் ஒரு கிளையைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் முள் ஏறியது. மரத்தின் உச்சிக் கிளை அது. வீட்டைப் பார்த்திருந்த பக்கம் வழவழ இலைகள். வேலியைப் பார்த்திருந்த பக்கம் முழுக்க முள். ஓர் இலை பாக்கியில்லை.

அந்த உயரத்தில் வந்து எது கடித்தது?

முள் இலைகள் சிலவற்றில் ஓரம் பிறை வடிவில் போயிருந்தது. ஆட்டுக்கும் மானுக்கும் மேல்வரிசையில் முன்பல் கிடையாது. அவை இழுத்துப் பிய்க்கும், இலை கிழிந்திருக்கும். இதுவோ கத்தரித்தது போன்ற வெட்டு. மேலும் கீழும் பல் உள்ள வாய். எம்ரிஸ் ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது, ஓர் இலையைத் தன் உதட்டருகே வைத்துப் பார்த்தார்.

சரியாகப் பொருந்தியது.

வெயில் இறங்கிவிட்டது. காற்று துளியும் இல்லை. அப்போதுதான் சரிவில் அந்தச் சத்தம் கேட்டது.

பொத்.

காட்டு விளிம்பில் வேலியின் உச்சியிலிருந்து ஒரு கட்டிப் பனி கீழே விழுந்தது.

பொத்.

கொஞ்சம் இந்தப் பக்கம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் எட்டு வைக்கும் தூரம். பிறகு இரண்டு எட்டு தூரம்.

அது ஓட ஆரம்பித்திருந்தது.

எம்ரிஸ் கிளையோடு வீட்டுக்கு ஓடினார். அறுபது வயது முழங்கால் அலறியது. சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த நெஸ்ட்டா, “என்னப்பா?” என்றாள். அவளைத் தாண்டிப் படியேறினார்.

ஜன்னல் திறந்தே கிடந்தது. தொட்டிலில் எனிட் விழித்திருந்தாள். எம்ரிஸ் ஜன்னலை அறைந்து சாத்தி, முள் பக்கம் வெளியே பார்க்க, கிளையைக் கண்ணாடியோடு சேர்த்துக் கொக்கியில் செருகினார். மூச்சு வாங்க எட்டிப் பார்த்தார். வேலி முழுக்கப் பனி உதிர்ந்து கறுப்பாகக் கிடந்தது, சுவர் வரைக்கும். அங்கே ஒன்றும் இல்லை.

முந்திக்கொண்டோம் என்று நினைத்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கீழே டீ குடிக்கும்போது நெஸ்ட்டா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். “வெட்டுனதை எடுத்து ஜன்னல்லயே திரும்ப வச்சாச்சா? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரைக்கும் ஹாலி வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு என்னை அடிச்சதே நீங்கதானே!”

“இருக்கட்டும்மா. எனக்காக இருக்கட்டும்.”

“அதுவும் சரிதான். இருமல் நின்னு போச்சு, கவனிச்சீங்களா?”

அப்போதுதான் எம்ரிஸ் கவனித்தார். மாடியில் சத்தமே இல்லை.

கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறினார். அறையில் மட்கிய இலை வாடை. ஜன்னல் சாத்தியபடி இருந்தது. கண்ணாடியைத் தொட்ட முள் இலைகள் அப்படியே இருந்தன. அறையைப் பார்த்த பக்கத்து வழவழ இலைகளில்தான் பிறை பிறையாக வெட்டு. விரலால் தொட்டார். ஈரம்.

எனிட்டுக்கு இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லை.

பேத்தியை வாரி நெஞ்சோடு அணைத்தார். அவள் இருமவில்லை, அழவில்லை. அவர் தோளுக்கு மேலாக, துணி அலமாரியின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே யாரோ இலை மெல்லும் சத்தம் கேட்டது.